காரையூரணியில் எட்டு நாள்

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் கைக்கு வருகிற எதையும் இப்போதெல்லாம் வேறு யாராவது முதலில் படித்துவிடுகிறார்கள். அப்பாவின் முழங்கால் வலிக்குப் போன தடவை என்ன தைலம் வாங்கி வந்தாய் என்று கேட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன். "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற மகனுக்கு எழுதுவதை ஊர்ப்பிள்ளைகள் படிக்கத்தான் போகிறார்கள் என்றால் ஊரே படிக்கட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன். படிக்கும்போது உனக்கு வருத்தம் வரும் இடங்கள் உண்டு. எழுதும்போது எனக்கு வெட்கம் வந்த இடங்கள் அதைவிட அதிகம்.

சித்திரை பிறந்ததும் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கே குடி போகப்போவதாகச் சொன்னாய். நீ எம்.எல்.ஏ. ஆன இந்த இரண்டு வருஷமும் வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று அலைந்து இளைத்துவிட்டாய். குழந்தைக்கும் பள்ளிக்கூடம் போகிற வயசு. போவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் திருநகர் வீட்டு முன்னறையைப் பூட்டிவிட்டு, தொகுதி ஜனங்கள் கூப்பிடுகிற அந்தப் பொது நம்பரையும் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்குத்தான் மனசு ஒப்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, நான் நோட்டில் எழுதின குறைகளை வைத்து அந்தக் கம்பெனி போட்டுக் கொடுத்த வரைபடத்தைக் காட்டினாய். குறை அதிகம் வந்த ஊருக்குச் சிவப்பு, கொஞ்சம் வந்த ஊருக்கு மஞ்சள், ஒன்றுமே வராத ஊருக்குப் பச்சை. "பாரும்மா, மேற்கு ஓரம் முழுக்கப் பச்சை. அந்தப் பக்கத்து ஜனம் நம்ம மேல திருப்தியா இருக்கு" என்றாய். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே ஓர் ஊரைத் தேடினேன். காரையூரணி. பச்சையாக இருந்தது. நான் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனதை, சட்னி எடுக்கப் போனதாக நீ நினைத்திருப்பாய். அந்த ஊருக்குப் பச்சை பூசியது கம்பெனி இல்லையப்பா. நான்தான் பூசினேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டக் கற்றது அங்கே. தடங்கல் இல்லாமல் படிக்கக் கற்றது கோயிலில், உபயதாரர் பெயர் வெட்டிய கற்களிலும் மார்கழி பஜனைப் புத்தகத்திலும். கணக்கு உன் புண்ணியத்தில் வந்தது. நீ பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு உன் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நீ தப்புப் போட்ட கணக்குகளை எல்லாம் நான் சரியாகப் போட்டுப் பார்ப்பேன். அதிலிருந்து எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எந்தத் தேதியில் சிலிண்டர் மாற்றினோம், யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் போனோம், எந்தக் கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றம் போகத் தவறினேன், எல்லாவற்றுக்கும் என்னிடம் நோட்டு உண்டு. நீ ஜெயித்த மறு வாரமே வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நீ சென்னையில் இருந்தாய். "யாரு வந்தாலும் பேரை மட்டும் எழுதி வைம்மா, நான் வந்து பாத்துக்கிறேன்" என்றாய். நான் ஒரு நீள நோட்டு வாங்கி ஊருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, பெயர், கேட்டது என்ன, பதில் சொன்ன நாள் என்று கோடு போட்டு வைத்தேன். பிறகு அந்தப் பொது நம்பர் போனையும் என் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனாய்.

வந்தவர்களை எல்லாம் நான் நம்பிவிடவில்லை. அது உனக்கே தெரியும். பால்காரர் சிரித்துக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்க்கிறவள் நான். ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பேர் அறுபது கையெழுத்தோடு வந்தார்கள். நான்கு வழிச் சாலையை ஒட்டி அவர்கள் குடியிருக்கும் இடத்துக்குத் தெருவிளக்கும் பஸ் நிறுத்தமும் வேண்டும் என்றார்கள்.

"எல்லாரும் அங்கதான் குடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கம்மா. பிள்ளைகுட்டிகளை வச்சுக்கிட்டு இருட்டுல ரொம்பக் கஷ்டப்படுறோம்."

"எந்த ரேஷன் கடையில வாங்குறீங்க?"

ஒருவர் நாகமலை புதுக்கோட்டை என்றார். அதே நேரத்தில் இன்னொருவர் திருமங்கலம் என்றார். மூன்றாமவருக்கு அவசரமாக போன் வந்துவிட்டது. உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து, "ஏப்பா, அரிசி வாங்க ஆளுக்கு ஒரு தெசையிலயா போவீக?" என்று கேட்டார். அது வீடே இல்லாத பொட்டல் என்பதும், கல் ஊன்றி மனை விற்கப் போகிறார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. நீ அதைக் கேட்டுவிட்டு, "எங்கம்மா இருக்கிற வரைக்கும் எனக்கு உளவுத்துறையே வேண்டாம்" என்று எல்லோரிடமும் சொன்னாய். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது தம்பி. பூஜை அறையில் உட்கார்ந்து கண்ணை மூடினால்கூட, அடுத்து யாரை எப்படிப் பிடிக்கலாம் என்றுதான் யோசனை ஓடிற்று. சாமி கும்பிடுகிற நேரத்தில் சந்தேகத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு என்று நாகமலை புதுக்கோட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் குறை கேட்கும் கூட்டம் போட்டாய் அல்லவா. அதற்கு வீடு வீடாகப் போய் அழைக்க ஆள் போதாது என்று உன் குரலைப் பதிவு செய்து போனில் அனுப்பினீர்கள். சத்தம் இல்லாத இடம் வேண்டும் என்று நம் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நீ பேசினாய். நான் வெளியே நின்று கேட்டேன். "வணக்கம். நான்தான் உங்க எம்.எல்.ஏ. பேசுறேன். நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். உன் உதவியாளன் பிரபுதான் அப்படிச் செய்யச் சொன்னான். "அந்த எடத்துல கொஞ்சம் கேப் விடுங்கண்ணே. அவங்க பதில் சொல்லுவாங்கல்ல, நேர்ல பேசுற மாதிரியே இருக்கும்." கூட்டம் என்றைக்கு, எங்கே என்று சொன்ன பிறகு, "கட்டாயம் வருவீங்கல்ல?" என்று கேட்டு இன்னொரு இடைவெளி. பிரபுவின் மூளையை அன்று நான்கூட மெச்சினேன். யார் என்ன சொன்னாலும் சந்தேகப்படுகிறவள், அந்த இரண்டு இடைவெளிகளைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் நுழைவாசல் பக்கத்தில் மேஜை போட்டு நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கிட்டத்து ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் நிரம்பி ஓரத்தில் எழுதும் அளவுக்கு வந்தார்கள். தூரத்து ஊர்களில் இருந்து பத்துப் பேர், ஐந்து பேர். காரையூரணியில் இருந்து ஓர் ஆள்கூட வரவில்லை. "அவங்க போன எலெக்‌ஷன்லயே நமக்குப் போடலம்மா. வேணும்னேதான் வரல" என்றான் பிரபு. நான் அந்தப் பக்கத்தின் குறுக்கே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து "ஒருவரும் வரவில்லை" என்று எழுதினேன். கோடு நேராக விழுந்ததில் ஒரு திருப்தி வேறு.

ஆவணியில் ஒரு நாள் பகலில் அந்தப் போன் அடித்தது. ஒரு பொம்பளைக் குரல்.

"காரையூரணியில இருந்து ஒச்சம்மா பேசுறேங்க. ஓடைப் பாலம் நடுவுல பேந்துபோய்க் கெடக்கு. மழை வந்தா மிச்சமும் போயிரும். அண்ணன்கிட்டச் சொல்லணும்."

"கூட்டம் போட்டப்ப ஏன் வரல? உங்க ஊர்ல ஒருத்தர்கூட வரலையே."

"அன்னைக்கு வர முடியாதுன்னு அண்ணன்கிட்டயே சொல்லிட்டேனே தாயி."

"எந்த அண்ணன்கிட்ட?"

"எம்.எல்.ஏ. அண்ணன்கிட்டத்தான். அவருதான போன் போட்டாரு. வருவீங்கல்லன்னு கேட்டாரு. வரமுடியாத காரணத்தை வெவரமாச் சொன்னேனே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் மகன் இவளுக்குப் போன் போட்டானாம், பேசினானாம். நீ யாரோடும் தனியாகப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்து, "பொய் சொல்லி மனுக் கொடுக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வர முடியாத காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. நோட்டில் கோட்டுக்குக் கீழே, "பொய் பேசுகிறார்கள். எதிர்த்தரப்பு ஆட்கள். பதில் வேண்டாம்" என்று எழுதினேன்.

அந்த மாதமே தொகுதி வேலைகளுக்குப் பட்டியல் எடுத்தீர்கள். பிரபு வந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனான். நீ சென்னையில் இருந்து கூப்பிட்டு, "ஏம்மா, பழைய ஃபைல்ல காரையூரணி ஓடைப் பாலம்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?" என்று கேட்டாய். நினைவிருக்கிறதா? "குறை இருந்தா கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டாங்களா? அந்த ஊர்ல ஒரு குறையும் இல்ல" என்றேன். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீ அடித்துவிட்டாய். மூன்று ஊர்ப் பாலங்கள் பட்டியலில் ஏறின. காரையூரணி ஏறவில்லை.

தை மாதம் பொங்கல் கழிந்த வாரம், ஒருத்தி நம் வாசலில் வந்து நின்றாள். கையில் மனு இல்லை, பை இல்லை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நீங்கதான் போனை வச்சவுகளா?" என்று கேட்டாள்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. "ஆமா" என்றேன்.

"நான் பொய்யின்னு சொன்னீகள்ல. அதைத் தொடச்சுட்டுப் போகத்தான் வந்தேன். உங்க மகன் பேசுனாருன்னுதான் நானும் நெனச்சேன். அவரு நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு, நல்லா இருக்கேன்ணே, நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். கட்டாயம் வருவீங்கல்லன்னு கேட்டாரு. அன்னைக்கு எங்க ஊரு அம்மனுக்குக் காப்புக் கட்டி மூணாம் நாளுண்ணே, ஒருத்தரும் எல்லை தாண்ட மாட்டோம், வேற தேதி வையுங்கன்னு சொன்னேன். நன்றி வணக்கமுன்னுட்டாரு. சரி, சம்மதிச்சுட்டாருன்னு ஊரு பூராவும் சொல்லிட்டு வந்தேன். தீவாளிக்கு மறுபடி போனு. நல்லா இருக்கீங்களான்னாரு. பாலம் போச்சுண்ணேன்னு அழுதேன். இனிய தீவாளி வாழ்த்துக்கள்னாரு. எங்க வீட்டுக்காரரு வந்து போனைப் புடுங்கி, அடியே கிறுக்கி, அது டேப்புடீன்னாரு."

உன் அப்பாவுக்கு எதையும் சிரித்துக் கடக்கிற சுபாவம். அன்று அவர்கூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பங்குனிச் செவ்வாய்க்கிழமை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. நான் பிறந்த ஊரிலும் பங்குனியில் காப்புக் கட்டுகிறவர்கள்தானே. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் எட்டு நாளும் எல்லையைத் தாண்டக்கூடாது, அடுப்பில் தாளிப்பு இல்லை, நல்லது பொல்லாதது பேச்சு இல்லை. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிற விருந்தாளிகூட அவிழ்க்கிற வரைக்கும் அங்கேயே தங்க வேண்டும். உனக்கு ஆறு வயசில் அப்படித்தான் என் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டு நீ முழுப் பரீட்சைக்குப் போக முடியாமல் ஆகி, வாத்தியாரிடம் நான் போய்க் கெஞ்சினேன். கூட்டத்துக்கு நாள் குறித்தபோது பூஜை அறை நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சாமி விஷயத்தில் என்னைவிட ஜாக்கிரதையானவள் இந்தத் தெருவில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு.

ஒச்சம்மா அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஐப்பசி மழையில் ஓடை பாலத்தின் நடுப்பகுதியை அரித்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து பஸ் எதுவும் ஊருக்குள் வருவதில்லை, காலை முதல் பஸ்கூட. மெயின் ரோட்டு முக்கிலேயே திரும்பிவிடுகிறது. அவள் மகள் சுகன்யா கல்லூரியில் இரண்டாம் வருஷம். விடியுமுன்னே கருவேலங்காட்டு வழியாக ஓடையில் இறங்கி ஏறி ஒரு மணி நேரம் நடந்து முக்குக்கு வர வேண்டும். பதினைந்து நாள் தகப்பன் கூடவே நடந்து கொண்டுபோய் விட்டிருக்கிறார். பிறகு, படித்தது போதும் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் இருந்து கல்லூரிக்குப் போன நான்கு பெண்களும் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். "அவ அழுகல தாயி. புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டா. அழுதிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் ஒச்சம்மா.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அம்மா அழுது கரைந்து அவளை நம்பியிருப்பாள் என்று. இல்லை. அவள் போன பிறகு என் மனசு அதன் பழக்கத்துக்கே திரும்பிற்று. இவ்வளவு கோவையாகப் பேசுகிறாளே, யாராவது சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தேன். மாசி பிறந்ததும் அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பெரியார் பஸ் நிலையத்தில் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். காரையூரணிக்கு டிக்கெட் கேட்டேன். "முக்கு வரைக்குந்தாம்மா. அதுக்கு மேல உங்க எம்.எல்.ஏ. தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு" என்றார் கண்டக்டர். பின் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். முக்கில் இறங்கி நடந்தேன். என் முழங்காலோடு ஓடைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகிவிட்டது. பாலம் அவள் சொன்னபடிதான் கிடந்தது. நடுவில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. கம்பியில் யாரோ சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், இருட்டில் வருகிற வண்டி விழாமல் இருக்க. நீ ஜெயித்த சமயத்தில் ஒட்டின உன் படம் இந்தக் கரைக் கட்டைச் சுவரில் இன்னும் இருந்தது. அந்தக் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒச்சம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"நம்பாமத்தான வந்தீக?"

"ஆமா தாயி. நம்பாமத்தான் வந்தேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஓடைக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சுகன்யாதான் மோர் கொடுத்தாள். எம்.எல்.ஏ. அம்மா என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி, "ஜெயிச்சதுல இருந்து உங்க மகனைப் பாக்கலையே, செத்த வரச் சொல்லுங்களேன்" என்றாள். உடனே இன்னொருத்தி, "அவரு வந்தா அரை மணி நேரம் நிப்பாரு, போட்டோ எடுப்பாரு, போயிருவாருடீ" என்றாள். அதற்கு ஒச்சம்மா சொன்னாள்: "அதுக்கு ஒரு வழி இருக்கு. காப்புக் கட்டுற அன்னைக்கு வரச் சொல்லுங்க தாயி. எட்டு நாளைக்கு எங்கிட்டுப் போவாருன்னு பாப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அது சிரிக்கிற பேச்சு இல்லை என்று பட்டது.

தம்பி, அந்த நீள நோட்டை நேற்று முழுக்க மறுபடி புரட்டினேன். திருநகர்க்காரர்களுக்கு ஒதுக்கின பக்கம் போதாமல் பின்னால் தாள் ஒட்டியிருக்கிறேன். பஸ் ஏறாமல் நடந்தே வரக்கூடியவர்கள் அவர்கள். தொகுதியின் மேற்கு விளிம்பில் இருக்கிற ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. வாய் உள்ளவனும் வண்டி உள்ளவனும் வந்தான். அவனை நான் குறுக்கு விசாரணை செய்தேன். வராதவனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிப் பிள்ளைகளும் இதைத்தான் செய்வார்கள், என்னைவிட வேகமாகச் செய்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்பிக்கையும் இல்லை. பிரபுவை இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை, அதை அவன் இதைப் படித்துத் தெரிந்துகொண்டாலும் சரி. ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவன் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். அவன் சொன்னதை எழுதியது என் கை. போன கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றத்தில் நின்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் கேட்பது சுலபமாக இருந்தது. சுகன்யாவிடம் கேட்க வாய் வரவில்லை.

நீ சென்னைக்குப் போ. முன்னறையைப் பூட்டினாலும் பூட்டிக்கொள். ஆனால் அந்த நம்பரை எடுக்கிறவர்கள் கூப்பிடுகிறவரிடம் முதலில் ஊரைக் கேட்கட்டும், அந்த ஊருக்குக் கடைசியாக நீ எப்போது போனாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உன் குரலைப் பதிவு செய்து அனுப்புவதானால், பதிவு என்று முதலிலேயே சொல்லிவிடு. பதில் சொல்ல இடம் விட்டு ஏமாற்றாதே. தினமும் ஒரே ஒரு ஆளிடம், நோட்டின் காலிப் பக்கங்களில் இருந்து ஓர் ஊரைப் பொறுக்கி எடுத்து, நீயே கூப்பிட்டுப் பேசு. ஓர் ஊரில் ஒரு குறையும் இல்லை என்று உன்னிடம் யார் சொன்னாலும், நானே சொன்னாலும், எப்படித் தெரியும் என்று கேள். என்னிடம் அன்றைக்கு அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். அப்போதே சாயம் வெளுத்திருக்கும்.

இது எல்லாம் பிறகு. முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பங்குனி இரண்டாம் செவ்வாய் மாலை காரையூரணியில் காப்புக் கட்டுகிறார்கள். அந்த வாரம் சபை கூடவில்லை என்று பேப்பரில் பார்த்துவிட்டேன். அன்று வெயில் தாழ்ந்ததும் நீ அந்த ஊருக்குள் இருக்க வேண்டும். மாலை, மேளம், பிரபு ஒன்றும் வேண்டாம். முக்கில் இறங்கி நடந்து வா. காரில் வந்தாலும் ஓடையில் இறங்கித்தான் ஆக வேண்டும். கையில் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொண்டால் எட்டு நாளும் நீ அங்கேதான். தாளிக்காத குழம்புதான் கிடைக்கும், சாப்பிடு. உன்னைப் பார்க்க வேண்டிய அதிகாரிகள் அங்கே வரட்டும். பொறியாளர் அந்தக் கம்பியைத் தன் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கட்டும். ஏப்ரலில் எடுக்கப்போகிற புதுப் பட்டியலில் அந்தப் பாலம் முதலில் ஏறட்டும். பாலம் கட்டி முடிகிற வரைக்கும் அந்த நான்கு பிள்ளைகள் முக்குக்குப் போய்வர ஒரு வண்டிக்கு என்ன வழி என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசு. போன வருஷம் விட்டுப் போனதற்குக் காரணம் நிதி இல்லை, எங்க அம்மா செய்த தப்பு என்று வெளிப்படையாகச் சொல். மறைத்து எனக்கு மரியாதை தேட வேண்டாம். நான் முந்தின நாளே அங்கே போய்விடுவேன். நானும் கயிறு கட்டிக்கொள்ளப் போகிறேன்.

காப்பு கையில் இருக்கும் எட்டு நாளும் அந்த ஊரில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஒன்பதாம் நாள் காலை உசிலம்பட்டியில் இருந்து சுகன்யாவுக்குப் பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குள் அவள் தகப்பனாரோடு நீ உட்கார்ந்து பேச வேண்டும், ஒருமுறை இல்லை, எட்டு நாளும். அவர் மனசு மாறுமா என்று எனக்குத் தெரியாது. மாறாமலும் போகலாம். ஆனால் அவர் சொல்லுகிற பதில் இந்தத் தடவை உன் காதில் விழ வேண்டும்.

நான் கிளம்பும்போது ஒச்சம்மா ஓடையின் இந்தக் கரை வரைக்கும் கூடவே வந்தாள். "நெசமா வருவாரா தாயி?" என்று கேட்டாள். நீ ஜெயித்ததில் இருந்து இப்படிக் கேட்டவர்களுக்கு எல்லாம், கட்டாயம் வருவான் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

"தெரியல தாயி. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்டுவிட்டேன். பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்.

அம்மா